திருவையாற்றில் இரண்டு நாள்: எப்போது போவது, எதை எங்கே கேட்பது

திருவையாறு என்றாலே பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது, கர்நாடக இசை மேதை தியாகராஜர் மறைந்த திதியில் ஜனவரி மாதம் நடக்கும் ஆராதனைதான். தொலைக்காட்சியில் பார்த்த பஞ்சரத்தினம் என்னும் அவருடைய ஐந்து கீர்த்தனைகள், பந்தல், வரிசை வரிசையாக உட்கார்ந்து பாடும் வித்வான்கள். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் ஆராதனை இல்லாத ஒரு சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஆராதனை நாட்களில் ஊர் முழுக்க ஒலிபெருக்கியும் கூட்டமும் நிறைந்திருக்கும். தியாகராஜர் எந்த ஆற்றைப் பார்த்துப் பாடினார், எந்தச் சன்னதி முன்னால் நின்று பாடினார் என்பதை நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. ஊரை ஒரு தடவை அமைதியாகப் பார்த்துவிட்டு அடுத்து வரும் ஆராதனைக்குப் போனால், அந்த ஐந்து கீர்த்தனைகளும் வேறு மாதிரி கேட்கும். இரண்டு பயணத்துக்குமான விவரங்கள் கீழே உள்ளன. சாதாரண வார இறுதியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

எந்த மாதம்

ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். காவிரிக்கரை ஊருக்குப் போய் மணல்வெளியைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் நீர்மட்டம் குறைவாக இருந்தால் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்துதான் இந்தப் பக்கம் வரும். அதனால் அணை திறந்த செய்தி வந்த அன்றே கிளம்பாமல், கல்லணை திறந்த செய்தியும் வந்த பிறகு கிளம்புங்கள். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மே வரை படித்துறைக்குக் கீழே பெரும்பாலும் மணல்தான்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆறு நிறைந்து ஓடும், வெயிலும் தாங்கும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஊர் பச்சையாக இருக்கும், ஆனால் கிராமக் கோயில்களுக்குப் போகிற வழி சேறாகிவிடும். மழைவிட்ட மார்கழியும் தை முதல் பாதியும் எல்லாவகையிலும் சிறந்தவை. ஆடிப்பெருக்கு அன்று ஊரின் காவிரித் துறையான புஷ்ய மண்டபப் படித்துறையில் கால்வைக்க இடம் இருக்காது. ஆடி அமாவாசை அன்று அப்பருக்குக் கயிலைக் காட்சி தந்த விழா. தேவாரத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் அன்றைக்கே போகலாம்.

போய்ச் சேர்வது

திருவையாற்றில் ரயில் நிலையம் கிடையாது. தஞ்சாவூரில் இறங்கி வடக்கே 13 கிலோமீட்டர் வரவேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு எழும்பூரில் இரவு புறப்படும் உழவன் எக்ஸ்பிரஸ் வசதி. வெள்ளி இரவு ஏறினால் சனி விடிகாலை தஞ்சாவூர். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். வெள்ளி இரவு, ஞாயிறு இரவு இரண்டுக்கும் அதனதன் முன்பதிவு திறக்கும் அன்றைக்கே போட்டுவிடுங்கள், ஏனென்றால் திரும்பும் டிக்கெட்தான் முதலில் தீரும். கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் ரயில்கள் நிற்கும் அரியலூரில் இறங்கிவிடுங்கள். அரியலூர் - தஞ்சாவூர் பேருந்துகள் கொள்ளிடத்தைத் தாண்டித் திருவையாறு வழியாகத்தான் போகும், சுமார் 30 கிலோமீட்டர்.

தஞ்சாவூரில் பேருந்து ஏற வேண்டிய இடம் பழைய பேருந்து நிலையம். ரயிலடியிலிருந்து அதிக தூரம் இல்லை. ஆட்டோக்காரர் "புது பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது ஊருக்கு வெளியே எதிர்த்திசையில் இருக்கிறது. அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் "தஞ்சாவூர்" பலகை போட்ட முதல் பேருந்தில் ஏறிவிடக் கூடாது, அது பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகப் போய்விடும். கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு போகும் பேருந்தைக் கேட்டு ஏறுங்கள். காவிரியை ஒட்டிய சாலை, பார்த்துக்கொண்டே வரலாம்.

தஞ்சாவூரிலிருந்து வரும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். அந்த அரை மணி நேரத்தில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் இந்த வரிசையிலேயே கடப்பீர்கள். முதல் பாலம் கரந்தைப் பக்கம் வரும். நான்காவதைக் கண்டியூரை ஒட்டிக் கடக்கலாம். ஐந்தாவதைத் தாண்டினால் ஊர். கைப்பேசியில் மூழ்கிவிட்டால் இரண்டு பாலங்கள் தெரியாமலே போய்விடும், சில ஆறுகள் அங்கே அவ்வளவு குறுகலானவை.

தங்குவது

திருவையாற்றில் தங்குமிடங்கள் குறைவு, எளிமையானவை. வயதானவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால் தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டி அறை எடுத்து, இரண்டு நாளும் போய்வருவது சுலபம். இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்துகளின் இடைவெளி கூடும். மாலைப் பூஜை முடிந்து ஏழரைக்குள் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள்.

சாமான் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்களுக்கு ஒரு வேட்டி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு, கழற்ற எளிதான செருப்பு, காதில் மாட்டிக் கேட்க ஒரு ஹெட்போன். பாடல்களை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். படித்துறையில் உட்கார்ந்த பிறகு இணையத்தில் தேட ஆரம்பித்தால் விளம்பரம் ஓடுகிற நேரத்தில் வெளிச்சம் போய்விடும்.

கேட்க வேண்டியவை

தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்தாலும் வாழ்ந்தது, பாடியது, 1847 ஜனவரி 6-ல் சமாதியானது எல்லாம் திருவையாற்றில். இந்த ஊரையே பாடிய கீர்த்தனைகள் பல இருக்கின்றன. அவற்றில் ஐந்தாறை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

அசாவேரி ராகத்தில் 'சாரி வெடலின' காவிரியைப் பற்றியது. ஓரிடத்தில் பயங்கரமாக முழங்கிக்கொண்டு, இன்னோரிடத்தில் கருணை நிறைந்து, ரங்கநாதரைத் தரிசித்துவிட்டு, "மூன்றும் இரண்டுமான" நதிகளின் நாதனைப் பார்க்க அவள் போகிறாள் என்று பாடுகிறார். ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரித்துச் சொல்லும் அந்த இடம் சட்டென்று வந்து போய்விடும், காது கொடுத்துக் கேளுங்கள். முகாரியில் 'முரிபெமு கலிகெ' ஊரின் சித்திரம்: காவிரிக்கரைக் காற்று, மாடி வீடுகள், அக்னிஹோத்திரம், வேத கோஷம். மத்யமாவதியில் 'முச்சட ப்ரஹ்மாதுலகு' ஊர்ச் சிவனான ஐயாறப்பரின் புறப்பாட்டைப் பாடுவது. சுவாமிக்கு அடாணாவில் 'இலலோ ப்ரணதார்த்தி'. அம்பாளுக்குத் தோடியில் 'கருண ஜூடவம்மா', சாவேரியில் 'பராசக்தி மனுபராதா'. இவற்றோடு அப்பர் இந்தத் தலத்தில் பாடிய 'மாதர்ப்பிறைக் கண்ணியானை' பதிகம், காந்தாரப் பண்ணில் ஓதுவார் பாடிய பதிவு கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெலுங்கு தெரியாதவர்கள் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் தமிழ்ப் பொருளை முந்தின நாளே ஒரு தடவை படித்துவிடுவது அவசியம். பொருள் தெரியாமல் கேட்டால் ராகம் மட்டும்தான் மிஞ்சும், ஊர் கிடைக்காது.

சனிக்கிழமை

காலை எட்டு மணிக்குள் திருவையாற்றில் இருக்க வேண்டும். கோயில் நடை பகல் 12 மணிக்குள் சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். "தஞ்சைப் பெரியகோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடலாம்" என்று கிளம்புகிறவர்கள் பன்னிரண்டரைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்ப்பது வழக்கமாக நடக்கிற விஷயம். முதலில் திருவையாறு, பெரியகோயில் பிறகு.

முதலில் ஐயாறப்பர் கோயில். பெரிய கோயில், அவசரமில்லாமல் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். தெற்குக் கோபுர வாசலில் ஆட்கொண்டார் சன்னதி, எதிரே குங்கிலியக் குண்டம். குங்கிலியம் வாங்கி அதில் போடுவது இங்கே வழக்கம், புகை வாசனை வாசலைத் தாண்டும்வரை கூடவே வரும். சுவாமி ஐயாறப்பருக்கு வடமொழியில் பஞ்சநதீஸ்வரர் என்று பெயர், அம்பாள் தர்மசம்வர்த்தனி, தமிழில் அறம்வளர்த்த நாயகி. தியாகராஜரின் பாடல்களில் இரண்டு பெயர்களும் வந்துகொண்டே இருக்கும். அம்பாள் சன்னதி தனிக்கோயிலாகவே இருக்கிறது. அங்கே ஒரு தூணோரம் உட்கார்ந்து தோடி கீர்த்தனையைக் காதில் கேளுங்கள். ஒலிபெருக்கியில் மட்டும் போடாதீர்கள், வழிபடுகிறவர்களுக்கு இடைஞ்சல்.

வளாகத்துக்குள்ளேயே இரண்டு தனிக்கோயில்கள் இருக்கின்றன, வடகயிலாயம், தென்கயிலாயம். பலர் இவற்றைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். வடகயிலாயம் ராஜராஜ சோழனின் தேவி உலோகமாதேவி கட்டுவித்தது, கல்வெட்டில் ஒலோகமாதேவீச்சரம் என்று பெயர். பூட்டியிருந்தாலும் சுற்றிவந்து கல்வெட்டு வரிகளையாவது பாருங்கள். கயிலைக்குப் போகக் கிளம்பிய அப்பர் வடக்கே ஒரு குளத்தில் மூழ்கி இங்கே எழுந்து கயிலைக் காட்சி கண்டார் என்பது தலவரலாறு. பதிகத்தில் களிற்றையும் பிடியையும் ஜோடியாகக் கண்டேன், கோழியும் பேடும் கூடி வரக் கண்டேன் என்று ஒவ்வொரு பாட்டிலும் ஓர் இணையைச் சொல்லிக்கொண்டே போவார். அதை இந்தப் பிராகாரத்தில் நின்று படித்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

வெளிப்பிராகாரத்தில் தென்மேற்குப் பக்கம் ஓர் இடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் குரல் எதிரொலித்து அடுக்கடுக்காகத் திரும்பி வரும். ஏழு தடவை என்பார்கள். இடத்தைக் கோயில் ஊழியர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். எதிரொலி கேட்கவில்லை என்று ஏமாறுகிறவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, கூட்டத்தோடு சேர்ந்து எல்லோரும் கத்துவது. அப்போது முதல் எதிரொலி வருவதற்குள் அடுத்த குரல் அதை மூடிவிடும். இரண்டாவது, இழுத்துக் கூப்பிடுவது. குறுகலாக, உரக்க, ஒரே ஒருவர் கூப்பிட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன்னால் சத்தம் குறைவாக இருக்கும்போது நன்றாகக் கேட்கும். பூஜை நேரத்தில் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கே தளக்கல் சுடும், பிராகாரம் சுற்றுவதை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கோயிலிலிருந்து நடந்தே திருமஞ்சன வீதிக்குப் போகலாம். தியாகராஜர் வாழ்ந்த வீடு இருந்த இடம் அங்கேதான். பழைய வீடு இப்போது இல்லை, நினைவில்லமாகப் புதுக்கட்டடம் இருக்கிறது. நூறாண்டுக்கு முந்திய திண்ணையையும் முற்றத்தையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போகும் வழியைத்தான் பார்க்க வேண்டும். உஞ்சவிருத்திக்கும் (பாடிக்கொண்டே வீடுவீடாக அரிசி பெறுவது) ஸ்நானத்துக்கும் அவர் தினமும் நடந்த தெருக்கள் இவை, எல்லாம் சில நூறு அடிகள்தான். 'ராமநாடு', 'மைசூர்', 'பட்டணம்' என்று ஊர்ப்பெயரோடு அறியப்பட்ட வித்வான்களில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் (1845 - 1902) இந்த ஊர்க்காரர்தான். சென்னைப் பட்டணத்தில் இருந்துவிட்டு வந்ததால் அந்தப் பெயர்.

பதினொன்றுக்குள் சமாதிக்குப் போய்விடுங்கள். காவிரிக்கரையில் இருக்கும் சிறிய கோயில் அது. கடைசிக் காலத்தில் தியாகராஜர் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் எரிக்காமல் சமாதி வைத்தார்கள். நாளடைவில் கவனிப்பாரின்றிப் போன இடத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் தேடிக் கண்டுபிடித்துச் சீர்செய்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் கோயில் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920-களில் தம் சொத்தைச் செலவழித்துக் கட்டியது. ஆராதனையில் பெண்கள் பாட இடம் தராத காலம் அது. பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தவரும் அவர்தான். 1952-ல் மறைந்த அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது, கைகூப்பி உட்கார்ந்த நிலையில் சிலை. தியாகராஜர் சன்னதியில் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். நாகரத்தினம்மாள் முன்னாலும் இரண்டு நிமிடம் நிற்பது நாம் செய்ய வேண்டிய மரியாதை. சுவர்களில் கீர்த்தனைகளைப் பொறித்திருக்கிறார்கள்.

சமாதியில் பாடலாமா என்று பலர் தயங்குவார்கள். தாராளமாகப் பாடலாம், மாணவர்கள் வந்து உட்கார்ந்து பாடிவிட்டுப் போவது சாதாரணம். அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மைக், ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கீர்த்தனை. குழந்தைகள் பாட்டு கற்றுக்கொள்கிறார்கள் என்றால் அவர்கள் நன்றாகப் பாடம் செய்த ஒன்றையே பாடச் சொல்லுங்கள். புதிதாகக் கற்ற பெரிய உருப்படியை இங்கே தொடங்கி நடுவில் நின்றுவிட்டால் குழந்தை அடுத்த முறை வாயே திறக்காது.

பகலில் செய்வதற்கு ஒன்றுமில்லை, சாப்பிட்டு ஓய்வெடுங்கள். அசோகா வாங்க இது நல்ல நேரம். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறும் அல்வா அது, செம்மஞ்சள் நிறம். மைசூர் பாகு மாதிரி துண்டு போடக்கூடியது அன்று, இலையில் வைத்தால் மெல்லப் பரவும். ஆண்டவர் அல்வாக் கடைதான் பெயர்பெற்றது. சூடாக அங்கேயே ஐம்பது, நூறு கிராம் சாப்பிட்டுப் பாருங்கள், ஊருக்கு வாங்குவதை ஞாயிறு மாலைக்கு ஒத்திப்போடுங்கள். பருப்பு சேர்ந்த இனிப்பு என்பதால் பால்கோவா போலவே வெயிலில் சீக்கிரம் வாடை மாறும். சனிக்கிழமை வாங்கி இரண்டு நாள் பையில் வைத்துச் சுற்றிவிட்டு வீட்டில் திறந்தால் ஏமாற்றம்தான். எவர்சில்வர் டப்பா கொண்டுபோனால் நெய் கசியாது.

மாலை நான்கரைக்குப் புஷ்ய மண்டபப் படித்துறைக்கு வாருங்கள். முகாரி, பிறகு அசாவேரி. ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில் கீழ்ப்படிகள் பாசியாக வழுக்கும், நடுவில் இழுப்பும் உண்டு. கால் நனைப்பது மேல்படியோடு போதும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். இருட்டும்போது சமாதிக்கு மறுபடி ஒரு நடை போய்வந்து பேருந்தைப் பிடியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

திருவையாற்றைச் சேர்த்து ஏழு ஊர்களைச் சப்தஸ்தானம் என்பார்கள்: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்னும் திருநெய்த்தானம். சித்திரையில் ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கு இந்த ஊர்களையெல்லாம் சுற்றிவரும். 'முச்சட' கீர்த்தனையைக் கேட்டவர்களுக்கு அந்த ஊர்வலம் கண்முன் வரும்.

ஏழையும் ஒரே காலையில் பார்க்கக் கிளம்பாதீர்கள். ஆறரைக்குத் தொடங்கினாலும் பதினொன்றுக்கு மேல் கிராமக் கோயில்கள் திறந்திருக்காது. ஒரே அர்ச்சகர் இரண்டு கோயில் பார்க்கும் இடங்களில் பத்தரைக்கே சாத்திவிடுவதும் உண்டு. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், பெரும்பாலும் யார் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி ஆள் அனுப்புவார்கள்.

இசைக்காகப் போகிறவர்கள் நான்கு ஊரோடு நிறுத்திக்கொள்ளலாம். காவிரியின் வடகரையில் முதலில் கிழக்கே திருப்பழனம். அங்கிருந்து திரும்பி, ஊரைத் தாண்டி மேற்கே தில்லைஸ்தானம். தியாகராஜரின் சீடர் தில்லைஸ்தானம் ராமையங்காரின் ஊர் இது. உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று மூன்று சீடர் பரம்பரைகள் வழியாகத்தான் அவருடைய கீர்த்தனைகள் நமக்கு வந்து சேர்ந்தன, ஒரே கீர்த்தனைக்குப் பாடபேதங்கள் இருப்பதற்கும் அதுதான் காரணம். பிறகு காவிரியைக் கடந்து தெற்கே வந்தால் கண்டியூர். பிரம்மசிரக்கண்டீஸ்வரர் கோயில், சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்று, அருகிலேயே அரன் சாபம் தீர்த்த பெருமாள் கோயில். அங்கிருந்து மேற்கே திருப்பூந்துருத்தி. 'கிருஷ்ண லீலா தரங்கிணி' இயற்றிய நாராயண தீர்த்தரின் சமாதி இந்த ஊரில் இருக்கிறது. கச்சேரியில் அந்த நூலின் பாடல்களான தரங்கம் பாடுவதையும் குச்சிப்புடியில் தாம்பாளத்தின்மேல் தரங்கம் ஆடுவதையும் கேட்டும் பார்த்தும் பழகியவர்களில்கூட, அதை எழுதியவர் காவிரிக்கரையில் அடங்கியிருக்கிறார் என்று அறிந்தவர்கள் குறைவு. திருவையாற்றுக்கு வருகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்தச் சுற்றுக்குப் பேருந்தை நம்ப முடியாது. திருவையாற்றிலேயே ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் கணக்கில் பேசாமல் "நான்கு கோயில், நான்கு மணி நேரம், காத்திருப்பு சேர்த்து" என்று மொத்தமாகப் பேசுங்கள். ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் பின்னால் தகராறு வராது.

பிற்பகல் தஞ்சாவூர். பெரியகோயிலைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை. மேலவீதியில் பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, சங்கீத மும்மூர்த்திகளில் இன்னொருவரான சியாமா சாஸ்திரிகள் அர்ச்சகராக இருந்த சன்னதி. தியாகராஜரும் அவரும் ஒரே காலத்தவர்கள், பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்தவர்கள். அரண்மனைக்குள் சங்கீத மகால். காலியாக இருந்தால் ஒரு ஓரத்தில் நின்று மெதுவாகப் பேசச் சொல்லி எதிர் ஓரத்தில் கேட்டுப் பாருங்கள்.

வீணை செய்வதைப் பார்க்க விரும்பினால் பட்டறையில் ஞாயிறு வேலை உண்டா என்று முன்பே விசாரியுங்கள், இல்லையென்றால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்வது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டம் விலை அதிகம், எடையும் அதிகம். தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கும். இதனால்தான் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கார் டிக்கியில் வெயிலில் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி முழுக்கப் போய்விடும். மறுபடி மேளம் கட்ட ஆள் தேட வேண்டும். இருக்கையில், நிழலில், குடம் அழுந்தாமல் கொண்டுபோங்கள்.

ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு

புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி, திதியை வைத்து ஆராதனை வருவதால் ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும். 2023-ல் ஜனவரி 11, 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18. போன வருடத் தேதியை வைத்து விடுப்பு எடுத்துவிடாதீர்கள், பஞ்சாங்கத்தைப் பாருங்கள். விழா முந்தைய சில நாட்களிலேயே தொடங்கி, பஞ்சமி அன்று பஞ்சரத்தினத்தில் உச்சம் பெறும். வார இறுதியில் மட்டும்தான் வர முடியும் என்றால், பஞ்சமி வாரநடுவில் விழுந்தாலும் அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் விழா நடக்கிறதா என்று பார்த்து வாருங்கள். காலையிலிருந்து இரவுவரை வித்வான்கள் ஒருவர்பின் ஒருவராகச் சில நிமிடங்கள் பாடிவிட்டு இறங்குவார்கள். கட்டணம் இல்லை, பாடுகிறவர்களும் காணிக்கையாகவே பாடுகிறார்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம் அறைகள் பல வாரங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். தேதி தெரிந்ததும் அறை, பிறகு ரயில்.

பஞ்சமி அன்று காலை திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை சமாதிக்கு வரும். நாகஸ்வரம், பிறகு புல்லாங்குழலில் பைரவி ராக 'சேதுலாரா', அதன்பின் பஞ்சரத்தினம். வானொலி, தொலைக்காட்சி நேரலை இருப்பதால் ஒன்பது மணி வாக்கில் குறித்தபடி தொடங்கிவிடும். எட்டரைக்கு வந்தால் பந்தலுக்கு வெளியேதான் நிற்கலாம். ஆறு மணிக்கே வந்து ஜமக்காளத்தில் இடம் பிடியுங்கள். பனி இருக்கும், காதுக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் மூன்று மணி நேரம் தரையில் உட்கார முடியுமா என்று யோசித்துவிட்டு ஓரமாக இடம் தேடுங்கள், நடுவில் எழுந்து வெளியே வருவது கஷ்டம்.

சேர்ந்து பாட ஆசை உள்ளவர்கள் நாலைந்து மாதம் முன்பே பாடம் தொடங்க வேண்டும். நாட்டையில் 'ஜகதானந்தகாரக', கௌளையில் 'துடுகு கல', ஆரபியில் 'சாதிஞ்செனெ', வராளியில் 'கனகன ருசிரா', ஸ்ரீராகத்தில் 'எந்தரோ மகானுபாவுலு'. ஐந்தும் ஆதி தாளம். முதலாவது சம்ஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. சரணங்களை முதலில் ஸ்வரமாகவும் பிறகு சாகித்யமாகவும் பாடுவார்கள். வீட்டில் சாகித்யத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஸ்வரம் வரும்போது வாயசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும். ஆரபியில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் 'சமயானிகி' என்று திரும்ப எடுக்கும் இடம் தப்பினால், அடுத்த சரணம் எது என்றே தெரியாமல் போகும். அந்த எடுப்பைத் தனியாகப் பழகுங்கள். வராளியை குரு நேருக்கு நேர் கற்றுக்கொடுத்தால் குரு சிஷ்ய உறவு கெடும் என்ற நம்பிக்கை இருப்பதால், பலர் அதைக் கேட்டுத்தான் கற்றிருப்பார்கள். கூட்டத்தில் குரல்கள் மெலிவது அங்கேதான். அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கி, ஒரே பாடாந்தரப் பதிவை, அதாவது ஒரே குருவழிப் பாடமாக உள்ள பதிவை வைத்துக்கொண்டு பழகுங்கள். இரண்டு மூன்று பதிவுகளைக் கலந்து கற்றால் சங்கதிகள் மோதும்.

ஆண்களும் பெண்களும் ஒரே சுருதியில் பாடுவதால் யாருக்காவது எட்டாத இடம் வரத்தான் செய்யும். எட்டவில்லை என்றால் கத்தாமல் கீழ்ஸ்தாயியில் சேர்ந்துகொள்ளுங்கள், அல்லது அந்த வரியை விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்தில் சாகித்யம் அச்சிட்ட புத்தகத்தை மடியில் வைத்துப் பாடுவதில் குறை ஒன்றும் இல்லை, பெரியவர்களும் வைத்திருப்பார்கள். க, ச, ட, த, ப ஐந்துக்கும் உச்சரிப்பு வேறுபாட்டைக் காட்ட எண் போட்ட புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். எண் இல்லாத புத்தகத்தில் 'துடுகு', 'கல' இரண்டையும் தமிழ் உச்சரிப்பில் படித்துப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது சிரமம்.

பாடி முடிந்த உடனே எல்லோரும் பாலத்தை நோக்கித்தான் நடப்பார்கள். அடுத்த ஒரு மணி நேரம் வண்டி எதுவும் நகராது. உள்ளேயே உட்கார்ந்து தொடரும் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு, பன்னிரண்டுக்கு மேல் கிளம்புங்கள். கார் கொண்டுவந்தவர்கள் அதைக் கண்டியூரிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தால், காவிரிப் பாலத்தைக் கடந்து மூன்று கிலோமீட்டர் நடந்தே போய் எடுத்துக்கொள்ளலாம்.